கரு தோன்றும் நேரமும் எழுதும் நேரமும்

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வங்கி வேலை முடிந்து விடுதி அறைக்குத் திரும்பி, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எழுத உட்கார்ந்தால் மனத்தில் ஒன்றுமே தோன்றுவதில்லை என்றும், எழுத்தாளர்களுக்குத் தானாக வருகிற அந்த உந்துதல் உனக்கு வாய்க்கவில்லையோ என்றும் கேட்டிருந்தாய். மேசை முன் உட்காருகிற நேரத்தில்தான் அது வந்தாக வேண்டும் என்று நீ எதிர்பார்ப்பதே இந்தக் கலக்கத்துக்குக் காரணம் என்று எனக்குப் படுகிறது. நான் படித்தறிந்த வரையில் கரு தோன்றுகிற நேரம் வேறு, அது எழுத்தாகிற நேரம் வேறு. இரண்டுக்கும் நடுவில் பல ஆண்டுகள் கிடக்கலாம். அவ்வளவு காலமும் அதைக் காப்பாற்றி வைப்பது, பெரும்பாலும், பார்த்த சூட்டோடு எழுதிவைத்த ஒரு சிறு குறிப்புதான்.

டாஃபடில் மலர்களைப் பற்றி ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் எழுதிய கவிதையை நீ பள்ளிநாளில் மனப்பாடமாகச் சொல்வாய். தனியாக அலைந்ததாக அவர் அதைத் தொடங்கினாலும், அந்தப் பூக்களைக் கண்ட நாளில் அவர் தனியாக இல்லை. 1802 ஏப்ரல் 15 அன்று, இங்கிலாந்தின் ஏரிப் பகுதியில், அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையோரமாக அவரும் தங்கை டோரதியும் கடுங்காற்றில் நடந்துகொண்டிருந்தார்கள். டோரதியின் நாட்குறிப்பில் அந்த நடை அப்படியே இருக்கிறது: முதலில் நீரோரத்தில் சில பூக்கள் மட்டும் தெரிந்தன, ஏரிதான் விதைகளைக் கரையில் ஒதுக்கியிருக்குமோ என்று இருவரும் எண்ணினார்கள், மேலே போகப் போக, ஒரு சாலையின் அகலத்துக்குக் கரை நெடுகப் பூக்களாக இருந்தன, சில பூக்கள் களைப்பில் தலைசாய்த்தவை போலக் கற்களின் மேல் கிடக்க, மற்றவை ஏரிக்காற்றில் தள்ளாடி, ஆடி, சிரித்துக்கொண்டிருந்தன.

அண்ணன் கவிதை எழுதியது 1804இல். அது 1807இல் அச்சாகி, 1815இல் மேலும் ஒரு கண்ணி சேர்ந்த பிறகே இன்று நாம் படிக்கும் வடிவத்தை அடைந்தது. கவிதையில் வரும் ஆட்டமும் களிப்பும் டோரதியின் குறிப்பில் முன்பே இருக்கின்றன. அகக்கண்ணில் அந்தப் பூக்கள் பளிச்சிடுவதாக வரும் இரண்டு அடிகளைத் தந்தவர் மனைவி மேரி. கவிதையிலேயே சிறந்த அடிகள் அவைதாம் என்று வேர்ட்ஸ்வொர்த் ஒப்புக்கொண்டிருக்கிறார். இந்தக் கவிதையைப் பாடமாக நடத்துகிறவர்கள் இந்த இரு பெண்களையும் சொல்லாமல் விடுவது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். டோரதி அந்த நாட்குறிப்பை 1800 மே மாதத்தில், அண்ணன் வெளியூர் போயிருந்தபோது, திரும்பி வந்ததும் அவர் படித்து மகிழட்டும் என்றுதான் தொடங்கினார். பெரிய இலக்கியம் படைக்கும் எண்ணம் ஏதும் அதில் இல்லை.

இன்னும் நீண்ட காத்திருப்பு ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாயுடையது. 1896 ஜூலையில், அறுபத்தேழு வயதில், உழுது போட்ட கரிசல் நிலத்தின் வழியே நடந்தபோது, பச்சைப் புல் ஒன்றுகூட இல்லாத அந்த வெளியில், புழுதிச் சாலை ஓரத்தில் ஒரு முட்செடியைக் கண்டார். மறுநாளே அதை நாட்குறிப்பில் எழுதினார். செடியில் மூன்று கிளைகள்; ஒன்று ஒடிந்து, அழுக்கேறிய வெள்ளைப் பூவோடு தொங்கியது; இன்னொன்றும் ஒடிந்து சேறு படிந்திருந்தது; மூன்றாவது புழுதியில் கறுத்திருந்தும் உயிரோடு நின்று, நடுவில் சிவந்திருந்தது. அது தமக்கு ஹாஜி முராத்தை நினைவூட்டியதாகவும், எழுத வேண்டும் போல் இருப்பதாகவும் தொடர்ந்து குறித்தார். ஹாஜி முராத் என்ற காக்கேசியப் போர்வீரர் ரஷ்யர்களிடம் சரணடைந்த 1851இல் டால்ஸ்டாய் அந்தப் பகுதியில் இருந்த இளைஞர். நாற்பத்தைந்து ஆண்டுகள் மனத்தில் கிடந்த மனிதரை அந்தச் செடி எழுப்பிவிட்டது. பிறகும் ஆண்டுக்கணக்கில் திருத்தித் திருத்தி எழுதிய ஹாஜி முராத் என்ற நாவல், டால்ஸ்டாய் இறந்த பின் 1912இல்தான் வெளியானது.

இந்த இரண்டு குறிப்புகளிலும் உணர்ச்சியைவிடக் கண்ணுக்குத் தெரிந்ததே மிகுதி என்பதைக் கவனி. எத்தனை கிளை, எதில் சேறு, பூ எந்த நிறம், காற்று எந்தப் பக்கத்திலிருந்து என்பவற்றைத்தான் அவர்கள் எழுதினார்கள். "மனம் நெகிழ்ந்தது" என்று மட்டும் டால்ஸ்டாய் எழுதியிருந்தால், பின்னால் அவருக்கே அது உதவியிருக்காது.

உன் இரவு நேரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆங்கில நாவலாசிரியர் டிரலப் அஞ்சல் துறை வேலையில் இருந்துகொண்டே, விடியற்காலை ஐந்தரைக்கு மேசைக்கு வந்து, கண்முன் கடிகாரத்தை வைத்து, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்று எழுதிவந்தார்; வாழ்நாளில் மொத்தம் 47 நாவல்களை முடித்தார். உன்னால் முடிந்தால் நீயும் காலைக்கு மாறிப் பார். நாள் முழுதும் கணக்குப் பார்த்த கண்ணுக்கு இரவில் ஓய்வு வேண்டும்.

குறிப்பேடா கைப்பேசியா என்று கேட்டிருந்தாய். பேருந்து நெரிசலில் எது கைக்கு எட்டுகிறதோ அதுவே போதும்; அன்றிரவே ஒருமுறை முழு வாக்கியங்களாக எழுதிவிடு.

நிறுத்தத்தில் பூ விற்கும் பாட்டியைப் பார்த்தால் மனம் கனக்கிறது என்று ஒரு வரி எழுதியிருந்தாய். அவர் எந்தப் பூ விற்கிறார், முழம் போடும்போது கையை எப்படி வைத்துக்கொள்கிறார், பூ வாடாமல் இருக்க என்ன செய்கிறார், கடைசிப் பேருந்து போன பின் மிஞ்சிய பூவை யாரிடம் கொடுக்கிறார்? அடுத்த கடிதத்தில் இவற்றை எழுது. கதை எப்போது வரும் என்று நான் கேட்க மாட்டேன்.

அன்புடன்,
அப்பா