ஓடும் பிள்ளைகளுக்கும் காலை உணவு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குறுவட்ட, மாவட்ட அளவிலான பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் வென்றவர்களின் படங்களை நாளிதழ்கள் வெளியிடுவது மகிழ்ச்சிக்குரியது. அந்தப் பிள்ளைகள் என்ன சாப்பிட்டுவிட்டுக் களத்தில் இறங்குகிறார்கள் என்பதும் பொதுவெளியில் பேசப்பட வேண்டும் என்று கருதியே இதை எழுதுகிறேன்.

உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில் நான் கண்டவரை, முதல் பேருந்தைப் பிடித்து மைதானத்துக்கு வரும் கிராமத்துப் பிள்ளைகளில் பலருக்குக் காலை ஆகாரம் வெறும் தேநீர்தான். சோற்றிலும் இட்லியிலும் கேழ்வரகிலும் உள்ள மாவுச்சத்தே தசைகளிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாகச் சேர்ந்து, வேகமாக ஓடும்போது எரிபொருளாகிறது. இரவு முழுவதும் உண்ணாத உடலில் கல்லீரலின் இருப்பு பெரிதும் குறைந்திருக்கும் என்பதால், காலையில் தகுதிச் சுற்றில் நன்றாக ஓடிய மாணவி பிற்பகல் இறுதிப் போட்டியில் தளர்ந்துபோவதைப் பயிற்சிக் குறைவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. போட்டிக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு சில இட்லிகள், சுற்றுகளுக்கு இடையே ஒரு வாழைப்பழம், வியர்வையில் வெளியேறும் நீரையும் உப்பையும் ஈடுசெய்ய உப்பிட்ட மோர் ஆகியவற்றைக் கொடுப்பது எந்தப் பள்ளிக்கும் எட்டாத காரியம் அன்று.

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை உள்ளது. தமிழகத்திலும் பாதிக்கு மேற்பட்டோர் இக்குறையுடன் இருக்கிறார்கள். தசைகளுக்கு ஆக்ஸிஜனைக் கொண்டு செல்லும் ஹீமோகுளோபின் குறைந்தால் எத்தனை கடுமையாகப் பயிற்சி அளித்தாலும் ஓட்டத்தின் வேகம் கூடாது, மூச்சிரைப்புதான் கூடும். ‘சோம்பேறி’ என்று திட்டு வாங்கும் மாணவிக்கு முதலில் தேவைப்படுவது இரத்தப் பரிசோதனை. பள்ளிகளில் வாரந்தோறும் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையை அவர்கள் விழுங்குகிறார்களா என்று கவனிப்பதும், கீரையோடும் பயறோடும் நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்துக் கொடுப்பதும் அதற்கு அடுத்தவை. வைட்டமின் சி இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவுகிறது. சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் அதைத் தடுக்கிறது.

புரதத்தைப் பொறுத்தவரை, விலை உயர்ந்த புரதமாவு டப்பாக்களை வாங்கச் சொல்லிப் பெற்றோரைக் கடனாளியாக்கும் போக்கு வருத்தமளிக்கிறது. தொடர்ந்து பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 கிராமும் அதற்கு மேலும் புரதம் தேவைப்படலாம் என்பது உண்மையே. ஆனால் ஒரு முட்டையில் சுமார் 6 கிராமும், 100 கிராம் வேர்க்கடலையில் சுமார் 25 கிராமும் புரதம் இருக்கும்போது, பருப்பு, சுண்டல், பால், மீன் ஆகியவற்றைச் சேர்த்து உண்டே பள்ளி மாணவர்கள் அந்த அளவை எட்டிவிடலாம்.

2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 1 முதல் 5ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்காக வகுக்கப்பட்டது. அந்தச் சிறந்த திட்டத்தை மனதாரப் பாராட்டுகிறேன். பள்ளி அணிகளில் ஆடுவோரோ பெரும்பாலும் 6ஆம் வகுப்புக்கு மேற்பட்டவர்கள். எனவே போட்டி நடத்தும் செலவில் காலை உணவையும் சேர்க்கவும், மாலைப் பயிற்சிக்குப் பிறகு சுண்டலோ கடலைமிட்டாயோ வழங்கவும், ஆண்டுதோறும் போட்டிப் பருவத் தொடக்கத்தில் அணி மாணவிகளுக்கு ஹீமோகுளோபின் அளவைப் பரிசோதிக்கவும் பள்ளிக்கல்வித் துறை ஆணையிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திருநெல்வேலி மாவட்டம்.