நாடாவும் நாடாவும்: ஒரு நன்றி மடல்

குடியாத்தம்

எங்கள் தெருக்காரர்களுக்கும், ரேடியோ பாய்க்கும், பாயின் பேத்திக்கும்,

வணக்கம். நேரில் வந்து சொல்லலாம் என்றுதான் இருந்தேன். வந்தால் டீயைக் கொடுத்துப் பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். அதனால் எழுதிவிடுகிறேன்.

2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பி, கவுண்டன்யா ஆறு வீட்டுக்குள் வந்த ராத்திரி, அரிசி மூட்டையை விட்டுவிட்டு கேசட் பெட்டியைத் தேடியவன் நான். என் மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள். தப்பில்லை. பெட்டியில் 112 கேசட், எல்லாமே இளையராஜா, எல்லாமே சேறு. உங்கள் வீடுகளும் அதே கதியில்தான் இருந்தன. அப்படியும் எதிர்வீட்டு அக்கா மாடியில் தன் சேலையை விரித்து, ஒவ்வொன்றாகத் துடைத்து நிழலில் அடுக்கினார். வெயிலில் வைத்திருந்தால் நாடா சுருண்டிருக்கும் என்று பாய் பிறகு சொன்னார். அக்கா நிழலில் வைத்ததற்குக் காரணம், அன்றைக்கு வெயிலே இல்லை.

"இந்தப் பாட்டெல்லாம் போன்லயே இருக்கே?" என்று கேட்டவர்கள் உண்டு. இருக்கிறதுதான். 'அன்னக்கிளி' வந்த 1976-ல் எனக்கு 14 வயது, அப்பாவின் கைலித் தறிக்குத் தார் (நாடாவுக்குள் வைக்கும் நூல்கண்டு) சுற்றிக்கொண்டிருந்தேன். பின்னாளில் டேப் ரெக்கார்டர் வாங்கியதும் அதை ரேடியோவை ஒட்டி வைத்துப் பாட்டைப் பதிவேன். தறியை நிறுத்த முடியாது, கூலி போய்விடும். அதனால் என் ஒலிநாடாவுக்குள், ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் தறி நாடா ஓடும் சத்தமும் இருக்கும். பாட்டின் தாளத்தோடு அது சில இடத்தில் சேரும், பல இடத்தில் உதைக்கும். 1985-ல் 'இதயம் ஒரு கோவில்' வந்தது, ராஜாவே எழுதிய முதல் பாட்டு. எஸ்.பி.பி. உருகிப் பாடிக்கொண்டிருக்கும்போதே என் கேசட்டில் அப்பா கத்துவார்: "இழை அந்துபோச்சு பாருடா!" இது எந்தப் போனில் இருக்கிறது?

2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராஜாவின் சிம்பொனி அரங்கேறியது. அவருக்கு 81 வயது. நமக்கு என்ன கேடு என்று கேசட் பெட்டியைப் பிரித்தேன். ஒரு கடையில், "குப்பையில போடுங்க பெரியவரே" என்றார்கள்.

ரேடியோ பாய் அப்படிச் சொல்லவில்லை. பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஐந்து குட்டித் திருகாணிகளைக் கழற்றினார். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் நாடாவை அலசி, உலர்த்தி, வேறு கூட்டுக்கு மாற்றினார். திருகாணியே இல்லாமல் ஒட்டிய கேசட்டுகளை பிளேடால் நெம்பித் திறந்தார். ஓடும்போதே சிலதில் பழுப்புத் தூள் உதிரும். ஒருமுறைதான் ஓட்டலாம், அதற்குள் கம்ப்யூட்டரில் ஏறிவிட வேண்டும். அந்த வேலை பேத்தியுடையது.

முதல் பாட்டைப் போட்டுக்காட்டினாள். அவ்வளவு சுத்தம்! தறிச் சத்தத்தை இரைச்சல் என்று துடைத்துவிட்டிருந்தாள், பாவம். நான் ஒன்றும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அந்தச் சத்தம் வேணுமா தாத்தா?" என்றாள். நல்லவேளை, துடைக்காத பதிவையும் வைத்திருந்தாள். அதன்பிறகு எதிலும் கை வைக்கவில்லை.

93 கேசட் பிழைத்தன. அப்பாவின் இழை அறுந்த கேசட்டும் அதில் ஒன்று. கூலி எவ்வளவு என்று கேட்டால் பாய் முறைக்கிறார். அதனால் இரண்டு கைலி கொடுத்தனுப்பியிருக்கிறேன். திருப்பி அனுப்பினால் எனக்குக் கோபம் வரும். அப்புறம் அக்கா, அந்தச் சேலையில் பிடித்த சேற்றுக்கறை போகவில்லையாமே. தீபாவளிக்குள் அந்தக் கடனையும் அடைத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
மூன்றாவது வீட்டுத் தறிக்காரன்