சாரல் இரவில் கேட்ட இரைச்சல்

கல்லிடைக்குறிச்சி,
ஆனி மாதம்.

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாள் என்று வாசித்ததும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே சாரல் பிடித்துப் பத்து நாளாகிறது. பொதிகை மலை கண்ணிலேயே படவில்லை. ஆற்றில் தண்ணீர் கலங்கலாகப் போகிறது.

அப்புறம், விஷயத்துக்கு வருகிறேன். மூடிய தியேட்டரிலிருந்து ஹார்ன் ஸ்பீக்கர் ஒரு ஜோடி எடுத்திருக்கிறாய், ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி 100 டெசிபல் சத்தம் தரும் என்கிறாய், அதற்காக 200 வாட் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை விலை பேசி வைத்திருக்கிறாய். இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்றால் நிறுத்து. நான் அந்த வழியில் போய்ப் பட்டுவிட்டேன்.

என் ஸ்பீக்கர் அதே கணக்கில் 98 டெசிபல். போன சித்திரையில் அதற்கு 150 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப் மாட்டினேன். வெயில் காலம், மின்விசிறி முழு வேகத்தில் ஓடும், ஒரு குறையும் தெரியவில்லை. சாரல் தொடங்கியதும் விசிறிக்கு வேலை இல்லை. அன்று ராத்திரி பாட்டு முடிந்த பிறகும் ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். மழைதான் என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினேன். சத்தம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. வால்யூமை முழுக்கக் குறைத்தும் போகவில்லை. ஆலாபனையில் பாடகர் நிறுத்தி மூச்சு வாங்கும் இடத்தில், தம்புரா மட்டும் மீட்டும் இடத்தில், அந்த இரைச்சலே முன்னால் வந்து நின்றது. எனக்கு மனசே விட்டுப்போய்விட்டது.

அதே ஆம்பை என் மகனுடைய 86 டெசிபல் சின்னப் பெட்டிகளில் மாட்டிப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. அப்போதுதான் புரிந்தது. எந்த ஆம்பிலும் கொஞ்சம் இரைச்சல் இருக்கத்தான் செய்யும். மந்தமான ஸ்பீக்கர் அதை விழுங்கிவிடும். உன்னுடையது மாதிரி கூர்மையானது பாட்டை எடுத்துக் கொடுக்கிற மாதிரியே அதையும் எடுத்துக் கொடுத்துவிடும்.

பள்ளிக்கூட நாளில் மைக் செட் அண்ணாச்சியோடு கோயில் கொடைக்குப் போவோமே, நினைவிருக்கிறதா? புளியமரக் கிளையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர், கீழே முப்பது நாற்பது வாட் ஆம்ப் ஒன்று. வில்லுப்பாட்டு அடுத்த ஊர் வரை கேட்கும். அந்த வலு ஆம்பில் இல்லை மாப்ளே, குழாயில் இருந்தது. 86 டெசிபல் பெட்டி, தான் வாங்குகிற மின்சாரத்தில் கால் சதவீதத்தைத்தான் ஒலியாக்கும். மிச்சமெல்லாம் உள்ளே இருக்கிற கம்பிச்சுருளில் சூடாகப் போய்விடும். 100 டெசிபல் ஹார்ன் ஆறு சதவீதத்தை ஒலியாக்கும். நாதஸ்வரத்தில் சீவாளியின் சின்ன அதிர்வைக் குழல் விரிந்து விரிந்து அணசு வரை கொண்டுபோய் ஊருக்கே கொடுக்கவில்லையா, அதே வேலைதான். பேசும் படம் வந்த புதிதில் ஆம்புகளுக்கு வாட் குறைவு. தியேட்டர் முழுக்கக் கேட்க வேண்டும் என்றுதான் ஹார்னைப் பெரிதாக்கினார்கள். நீ வாங்கியது அந்த வம்சம்.

கணக்கைப் பார். 3 டெசிபல் கூட வேண்டுமென்றால் வாட் இரட்டிப்பாக வேண்டும். 86க்கும் 100க்கும் 14 டெசிபல் வித்தியாசம், அதாவது 25 மடங்கு. 86 டெசிபல் பெட்டிக்கு 200 வாட் கொடுத்து வருகிற சத்தம் உன் ஹார்னில் 8 வாட்டிலேயே வந்துவிடும். நீ மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து நிறைவாகக் கேட்கிற அளவுக்கு ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். தவில் திடீரென்று தெறிக்கும்போது ஐந்தாறு வாட் கேட்கும், அவ்வளவுதான். ஆக, அந்த முதல் வாட் சுத்தமாக இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். சில ஆம்புகள் பெரிய சத்தத்தில் நன்றாக இருக்கும், மெல்லிய சத்தத்தில் கரகரக்கும்.

இன்னொன்று, பலரும் இதைக் கவனிப்பதில்லை. சிடி பிளேயரிலிருந்து 2 வோல்ட் வருகிறது. உன் ஸ்பீக்கருக்கு அந்த மெல்லிய சத்தத்தில் ஒரு வோல்ட்கூட வேண்டாம். பெரிய ஆம்ப் வந்ததை இருபது மடங்குக்கு மேல் பெருக்கும். அதனால் வால்யூம் குமிழ் அடியிலேயே கிடக்கும். அந்த இடத்தில் இடதும் வலதும் சமமாக இராது, பாடகர் ஒரு பக்கம் நகர்ந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது. குமிழ் இருக்கிற ப்ரீ ஆம்புக்கும் ஸ்பீக்கரை ஓட்டுகிற பவர் ஆம்புக்கும் நடுவில் இரண்டு ரெசிஸ்டர் போட்டு 10 டெசிபல் குறைத்தேன். குமிழ் நடுவுக்கு வந்தது, ப்ரீ ஆம்பின் இரைச்சலும் அதோடு குறைந்தது. பவர் ஆம்பின் சொந்த இரைச்சல் மட்டும் அப்படியே இருந்தது.

கடைசியில் டிரான்சிஸ்டரை விட்டு, பழைய ரேடியோவில் இருக்குமே கண்ணாடி வால்வு, அது போட்ட 8 வாட் ஆம்புக்கு மாறிவிட்டேன், 300பி என்கிற வால்வு. 1938ல் வந்த வால்வு அது. நீயும் அந்தப் பக்கம் போனால் வாங்குமுன் ஹார்னுக்குள் காதை வைத்து உறுமல் கேட்கிறதா பார். 300பியில் உள்ளே சூடேறுகிற இழைக்கு ஏசி கொடுத்தால் உறுமல் வரும், டிசி கொடுத்ததாகப் பார்த்து வாங்கு. ஸ்பீக்கர் மாட்டாமல் ஒருபோதும் ஓட்டாதே, டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். மூடியைத் திறக்கவே வேண்டாம். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல்கூட இருக்கும், சுவிட்சை அணைத்த பிறகும் கண்டென்சரில் நிற்கும். பேரப்பிள்ளைகள் வரும் வீடு, அதனால் சொல்கிறேன்.

நேற்று ராத்திரி மழை விட்டபிறகு காருகுறிச்சி அருணாசலம் நாதஸ்வர வாசிப்பைப் போட்டேன். அவர் மூச்சை நிறுத்திய இடத்தில் ஸ்பீக்கரில் ஒன்றுமே இல்லை. வெளியே தவளைச் சத்தம்தான் கேட்டது. நீ பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயிலுக்கு வருவாய்தானே? ஒரு ராத்திரி இங்கே தங்கு. திரும்பும்போது என் ஆம்பை எடுத்துப்போய் ஒரு மாதம் உன் ஸ்பீக்கரில் கேட்டுப் பார், பிறகு முடிவு செய். அதற்குமுன் பெட்டியின் பின்னால் எத்தனை ஓம் என்று போட்டிருக்கிறது, பார்த்து எழுது. பழைய தியேட்டர் ஸ்பீக்கர் பல 16 ஓம். என் ஆம்பில் 8, 16 இரண்டுக்கும் தனித்தனி முனை இருக்கிறது.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்