ஹோலிஸ்டிக் தெரபி நிலையங்களுக்குப் பதிவும் படிப்புத் தகுதியும் கட்டாயமாக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மனுதாரர் (அப்பளத் தொழில்),
கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
ஆட்சியர் அலுவலகம், கொக்கிரகுளம், திருநெல்வேலி.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

என் தாயார் 40 வருடம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அப்பளம் இட்டவர். அதனால் வந்த முழங்கால் வலியோடு 15 வருடச் சர்க்கரையும் உண்டு. போன வருடம், பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்கள் என்று ஒத்தடம், மசாஜ் என்று பலவும் சேர்த்துச் செய்யும் ஒரு ஹோலிஸ்டிக் தெரபி நிலையத்துக்கு அவரைக் கூட்டிப்போனேன். சுவரில் கண்ணாடி போட்ட சான்றிதழ், அதில் தங்க நிற முத்திரை. மதிப்பாகத்தான் பார்த்தேன். பயிற்சிக் காலம் 2 நாள் என்று அதிலேயே அச்சடித்திருந்ததை, எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் வாசித்தேன்.

மூலிகை மூட்டையைச் சட்டியில் சூடு காட்டிக் காட்டி முழங்காலுக்கும் பாதத்துக்கும் ஒத்தடம் கொடுத்தார்கள். "ஆச்சி, பாதத்தில சூடு தெரியுதா?" என்று கேட்டார் அந்தப் பெண். "தெரியலையேம்மா" என்றார் அம்மா. "அப்போ இன்னும் கொஞ்சம் சூடாக்குவோம்." நான் பக்கத்தில்தான் நின்றேன். மறுநாள் காலை வாசலில் கோலம் போட்டுவிட்டு அம்மா உள்ளே வந்த வழியெல்லாம் ஈரத் தடம். இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம் உடைந்திருந்தது. அப்போதும் அவருக்கு வலிக்கவே இல்லை. 23 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வலது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள்.

நாள்பட்ட சர்க்கரை பாதத்து நரம்பை மரத்துப்போக வைக்கும். அதைச் சோதிக்க டாக்டர்கள் மெல்லிய நைலான் இழை ஒன்றை உள்ளங்காலில் அங்கங்கே அழுத்தி, தெரிகிறதா என்று கேட்பார்கள். ஓரிரு நிமிட வேலை. படித்தவர் என்றால் "தெரியலை" என்ற சொல்லைக் கேட்டதும் ஒத்தடத்தை நிறுத்தியிருப்பார். அந்தப் பெண் கெட்டவர் இல்லை ஐயா. அவருக்கு யாரும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

நாங்கள் நாட்டு மருத்துவத்துக்கு விரோதிகள் இல்லை. பொதிகை அடிவாரத்து ஊர்க்காரர்கள் அப்படி இருக்கவும் முடியாது. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி நடக்கிறது. என் தகப்பனாருக்குத் தோள் பிடித்துக்கொண்டபோது அங்கேதான் தொக்கணம் (சித்த மருத்துவ முறையில் உடம்பைப் பிடித்துவிடுவது) செய்தார்கள். முதல் நாள் கையே வைக்கவில்லை. சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, முன்னால் அடிபட்டதா என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை ஆண்டு படித்து, சித்த மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்தவர்கள் அவர்கள். பிசியோதெரபிக்கும் 2021-இல் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்துவிட்டது. ஒத்தடம், மசாஜ், ரெய்கி (கை வைத்துச் சக்தி ஏற்றுவதாகச் சொல்லும் முறை), காந்த சிகிச்சை எல்லாவற்றையும் ஒரே போர்டில் எழுதி வைப்பவர்களிடம் மட்டும் என்ன படித்தாய் என்று கேட்க ஆளில்லை.

தனியார் சிகிச்சை நிலையங்களைப் பதிவு செய்ய 1997-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. நான் போய்க் கேட்டபோது அந்த நிலையத்தில், "நாங்க சிகிச்சை தரலை, தெரபிதான் தர்றோம்" என்றார்கள். தெரபி என்றால் சிகிச்சைதானே? அப்புறம், "சர்க்கரைக்கு நிரந்தரத் தீர்வு, மாத்திரை வேண்டாம்" என்று அவர்கள் நோட்டீஸ் அடித்து பஸ் ஸ்டாண்டில் கொடுக்கிறார்கள். சர்க்கரையைக் குணமாக்குவதாக இப்படி மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டு மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம் தடுக்கிறது. அதை நம்பி யாராவது இன்சுலினை நிறுத்தினால் உயிரே போகலாம்.

ஆகவே, மாவட்டத்தில் உள்ள இத்தகைய நிலையங்களை மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இணை இயக்குநர், மாவட்ட சித்த மருத்துவ அலுவலர் இருவரையும் கொண்டு கணக்கெடுக்க உத்தரவிட வேண்டுகிறேன். சிகிச்சை தருபவர் என்ன படித்தார், எத்தனை நாள் படித்தார், எங்கே பதிவு செய்திருக்கிறார் என்பதை வாசலிலேயே தமிழில், பெரிய எழுத்தில் எழுதி வைக்கச் செய்ய வேண்டும். சர்க்கரை, இதய நோய் உள்ளவர்களையும் கர்ப்பிணிகளையும் பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் தொடக் கூடாது. இந்தத் தொழிலை நம்பிப் பிழைக்கும் ஏழைப் பெண்கள் நிறைய. அவர்களைத் துரத்த வேண்டாம். சித்த மருத்துவக் கல்லூரி வழியாக முறையான பயிற்சியும் தேர்வும் வைக்க அரசுக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும்.

ரசீது, நோட்டீஸ், மருத்துவமனை அறிக்கை ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். விசாரணைக்குக் கூப்பிட்டால் அம்மாவையும் அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
மனுதாரர்