பனிமய மாதா திருவிழாவுக்கும் அன்றிரவு குத்துச்சண்டைத் திரையிடலுக்கும் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

ஆகஸ்டு 5, 2017, சனிக்கிழமை. மாதா சப்பரம் தெருவில் வரும் அதே இரவில், மும்பை வொர்லி அரங்கில் இந்தியக் குத்துச்சண்டை வீரர் விஜேந்தர் சிங்கும் சீனத்தின் சுல்பிகார் மைமைதிஅலியும் மோதினார்கள். அதைக் கோயில் திடலில் திரை வைத்துக் காட்ட வேண்டும் என்று இளைஞர்கள் கேட்டார்கள். பவனிக்கு இடைஞ்சல் வருமே என்று பெரியவர்கள் தயங்கினார்கள். இரண்டும் இடிபடாமல் நடந்தது உங்கள் உழைப்பால். யார் என்ன செய்தார்கள் என்பதை விவரமாகவே எழுதுகிறோம். அடுத்த ஆண்டு பொறுப்பேற்பவர்களுக்கும் இது உதவும்.

முதல் நன்றி மின்வாரிய ஊழியர்களுக்கு. மாதாவின் முடியும் குடையும் சேர்த்துச் சப்பரத்தின் உயரம் 19 அடி. கொடியேற்றத்துக்கு முன்பே பவனிப் பாதை முழுவதும் நடந்து, தொங்கிக் கிடந்த வீட்டு இணைப்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக அளந்து உயர்த்திக் கட்டினார்கள். மூங்கில் கழியால் கம்பியைத் தூக்கிவிட்டுச் சப்பரத்தை நுழைக்கும் பழைய வழக்கத்தைக் கண்டிப்பாகத் தடுத்தார்கள். கடலோரத்தில் உப்புக்காற்று பட்ட கம்பியின் மேலுறை வெடித்திருக்கும். ஈரமான கழி வழியாகவே மின்சாரம் இறங்கிவிடும். ஊர் முழுவதையும் இருட்டாக்காமல், சப்பரம் நிற்கும் தெருவில் மட்டும் மின்சாரத்தை நிறுத்தி, கடந்ததும் திரும்பக் கொடுத்தார்கள்.

சப்பரம் தூக்கியவர்களுக்கும் சொல்ல வேண்டும். ஒரு தடவைக்கு 16 பேர். அதுபோல் மூன்று அணி. உயரம் ஒத்தவர்களை எதிரெதிரே நிறுத்தியதால் சப்பரம் ஒரு பக்கம் சாயவில்லை. தோள் மாற்றும்போது முதலில் ஊன்றுகட்டையைக் கொடுத்து, பாரம் அதில் முழுவதும் இறங்கிய பிறகே ஆள் விலகினார்கள். விளக்குக்கு ஜெனரேட்டர் வண்டி பின்னால் இரையவில்லை. பேட்டரியும் இன்வெர்ட்டரும் சப்பரத்தின் அடித்தட்டிலேயே இருந்தன. செபமாலை சொன்ன பெண்களின் குரல் தெருக்கோடி வரை கேட்டது அதனால்தான்.

அசனம் என்னும் பொது விருந்துக்குச் சமையல்காரர் தவசுப்பிள்ளையும் அவருடைய ஆட்களும் 1,200 பேருக்கு 150 கிலோ அரிசி வடித்தார்கள். கிலோவுக்கு எட்டுப் பேர் என்பது அவர் கணக்கு, அது பிசகவில்லை. கறி 90 கிலோ. முழு அரிசியையும் ஒரே மூச்சில் வடிக்காமல் 30 கிலோ வீதம் ஐந்து தவணை. வடித்த சோற்றை மூடி வைக்காமல் பாயில் துணி விரித்து மெல்லியதாகப் பரப்பினார்கள். சூட்டோடு மூடினால் ஆவி வேர்த்து, அடிச்சோறு ஊசிவிடும். தேங்காய் அரைத்த குழம்பு ஆகஸ்டு வெயிலில் வெகுநேரம் தாங்காது என்பதால், மசாலாக் குழம்பைத் தனியே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தவணைக்கும் புதிதாகத் தேங்காய் ஊற்றிக் கொதிக்கவிட்டார். கடைசிப் பந்தியில் இருந்தவருக்கும் முதல் பந்தியின் ருசியே கிடைத்தது.

இனித் திரை. இதில்தான் தெரிந்தவர்களின் உதவி அதிகம் தேவைப்பட்டது. வீட்டு இணைப்பு அட்டையை வைத்து விளையாட்டுச் சேனலைப் பொது இடத்தில் காட்டக் கூடாது என்று முதலில் எடுத்துச் சொல்லி, பொது இடத்துக்கு உரிய இணைப்பைப் பெற்றுத் தந்தவர் எங்கள் கேபிள் ஆபரேட்டர். எல்.இ.டி. திரைக்காரர் அரை மீட்டர் சதுரப் பலகைகளை அகலத்துக்கு ஏழு, உயரத்துக்கு நாலு என 28 கோத்தார்: மூன்றரை மீட்டருக்கு இரண்டு மீட்டர். அது தொலைக்காட்சிப் படத்தின் அகல உயர விகிதத்துக்கு ஏறக்குறையப் பொருந்தும். ஆளின் முகம் நீளவோ சப்பையாகவோ தெரியாது. புள்ளி இடைவெளி 4.8 மில்லிமீட்டர் ஆனதால் முதல் வரிசையை 15 அடி தள்ளிப் போட்டார்கள். அதற்குள் உட்கார்ந்தால் படம் புள்ளி புள்ளியாகக் கலையும்.

கச்சான் காற்று வீசும் மாதம் இது. மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று அடித்தால் ஏழு சதுர மீட்டர் திரையின் மேல் ஏறக்குறைய நூறு கிலோ தள்ளுவிசை விழும். பந்தல்காரர் சட்டத்தின் பின்காலை நீளமாக இழுத்து, 50 கிலோ மணல் மூட்டைகள் பன்னிரண்டைப் பாரம் வைத்தார். திரைக்குப் பின்னால் விளம்பரத் தட்டி கட்ட வந்தவர்களை அவரே திருப்பி அனுப்பினார். தட்டி காற்றைப் பிடித்துக்கொள்ளும். டிஷ் தட்டையும் மாடித் தளத்தில் நான்கு போல்ட் அடித்து இறுக்கினார். தட்டு சற்று அசைந்தாலும் படம் கட்டம் கட்டமாக உடையும்.

ஒத்திகையில் பாட்டுச் சேனல் அழகாக வந்தது, விளையாட்டு எச்.டி. சேனலுக்கு மாற்றியதும் திரை கறுத்துவிட்டது. நகல் தடுப்புப் பூட்டு உள்ள சேனலை, அந்தப் பூட்டை ஏற்காத திரைக் கட்டுப்பாட்டுக் கருவி காட்டாது. திரைக்காரர் அன்றே தூத்துக்குடி போய் ஏற்கும் கருவியைக் கொண்டுவந்தார். பாட்டுச் சேனலை மட்டும் பார்த்துவிட்டு ஒத்திகை முடிந்தது என்று சொல்லாதீர்கள். செட்டாப் பாக்ஸிலிருந்து திரைக்கு 30 மீட்டர், சாதாரண எச்.டி.எம்.ஐ. வடம் அத்தனை தூரம் தாங்காது. நெட்வொர்க் வடத்தில் அனுப்பும் கருவி ஜோடியைப் போட்டார்கள். பாக்ஸுக்கும் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் தனி யு.பி.எஸ்.; ஜெனரேட்டர் மாறும் நொடியில் பாக்ஸ் அணைந்தால் திரும்ப எழுந்திருக்கச் சில நிமிடம் எடுக்கும், அதற்குள் ஒரு சுற்றே போய்விடும்.

சப்பரம் திடலை நெருங்கியபோது, அதே வொர்லி மேடையில் மோதிய அகில் குமார், ஜிதேந்தர் குமார், நீரஜ் கோயத் ஆகியோரின் சண்டைகள் அடங்கிய நிகழ்ச்சி ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தது. பதிவு வசதி உள்ள பாக்ஸ் என்பதால் அந்த இடத்திலேயே நிறுத்தி, திரையில் மாதாவின் படத்தை மட்டும் வைத்தோம். சப்பரம் திரும்பிக் கோயிலுக்குள் போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம். முடிவு முன்கூட்டியே தெரியக் கூடாது என்று அத்தனை இளைஞர்களும் கைபேசியை அணைத்து வைத்தார்களே, அந்தக் கட்டுப்பாட்டுக்குத் தனி வணக்கம்.

இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. காவலர்கள் நினைவூட்டும் முன்பே சவுண்ட் சர்வீஸ்காரர் ஒலியை நிறுத்தினார். அதன்பின் திடலில் இருந்தவர்களுக்கு ஒலியில்லாமல் சண்டையை விளக்கியவர் பக்கத்து ஊர்க் குத்துச்சண்டைப் பயிற்சியாளர். கரும்பலகையில் சுற்றுக்குச் சுற்று தன் மதிப்பெண்ணை எழுதினார்: வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9, விழுந்து எழுந்தால் பொதுவாக 8. அதிகமாகக் கை வீசியவர் வென்றவர் ஆகிவிட மாட்டார். கையுறையின் முட்டிப்பகுதி சுத்தமாகப் பட்ட அடிதான் எண்ணப்படும் என்பதைச் சைகையாலேயே காட்டினார். பத்துச் சுற்றும் போய், மூன்று நடுவர்களும் விஜேந்தருக்கே கொடுத்தார்கள்: 96-93, 95-94, 95-94. சுற்றுதோறும் 10-9 என்றால் கூட்டு 190 வர வேண்டும். மூவரின் கூட்டும் 189. ஒரு புள்ளி எங்கோ கழிந்திருக்கிறது என்று பயிற்சியாளர் சுட்டிக்காட்டியதும், சிறுவர்கள் பலகையில் கூட்டிப் பார்க்க முண்டியடித்தார்கள்.

திடலின் தென்புறம் பத்தடிப் பாதையை ஆம்புலன்சுக்காகக் கயிறு கட்டிக் காத்த தொண்டர்கள், வீட்டுக் கிணற்றையும் முற்றத்தையும் திறந்துவிட்ட இந்து, முஸ்லிம் அண்டை வீட்டார், விடியும் முன்பே இலைகளையும் பூக்களையும் தனித்தனியே அள்ளிய தூய்மைப் பணியாளர்கள், நவநாள்களில் மறையுரை ஆற்றிய குருக்கள், பங்குத்தந்தை எல்லோருக்கும் நன்றி.

தூத்துக்குடிப் பேராலயத்துக்கும் இதே நாளில் பெருவிழா ஆகையால், சீரியல் செட்டும் பேண்டு வாத்தியமும் கடைசி நேரத்தில் கிடைக்கா. எங்களுக்கு வாக்குக் கொடுத்து, கூடுதல் வாடகை வந்தும் மாறாமல் வந்தவர்களை மறக்க மாட்டோம். அடுத்த ஆண்டுக் குழு ஜூன் தொடக்கத்திலேயே முன்பணம் கொடுத்துவிடட்டும்.

வரவு செலவுக் கணக்கு கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. இரவல் வாங்கிய அண்டாக்களில் இரண்டு இன்னும் உரியவரிடம் சேரவில்லை. அடியில் பெயர் தேய்ந்திருக்கிறது. உங்களுடையது என்றால் கோயில் அலுவலகத்தில் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
திருவிழாக் குழுவினர்