பருத்தித்துறை பஸ் அண்ணைக்கும் மற்ற எல்லோருக்கும்

ரோஹிங்யா அகதிகளுக்காக நாங்கள் சேர்த்த கையொப்பத் தாள்கள் போய்விட்டன. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் ஆளுக்கொரு கட்டு, வெளிவிவகார அமைச்சுக்கு ஒரு கட்டு, எல்லாம் பதிவுத் தபாலில். சேர்ந்ததற்கான அட்டைகளும் வரத் தொடங்கியிருக்கின்றன. நிம்மதியில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும், பிந்தினால் நன்றி வெறும் சம்பிரதாயமாகிவிடும்.

மியன்மாரிலிருந்து விரட்டப்பட்ட ரோஹிங்யா முஸ்லிம் மக்களுக்கு நடந்ததை இதைப் படிக்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2024 டிசம்பரில் அவர்களுடைய படகு முள்ளிவாய்க்கால் கரைக்கு வந்தபோது சாப்பாடும் தண்ணீரும் கொடுத்தது நம் சனம்தான். நாங்கள் கேட்டதும் பெரிய விடயமல்ல. வந்தவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள்; மியன்மாரில் நடந்ததைப் பற்றிப் பாராளுமன்றத்தில் எழும்பிப் பேசுங்கள்; மியன்மார்மீது ஹேக் சர்வதேச நீதிமன்றத்தில் நடக்கும் இனப்படுகொலை வழக்கில் பக்கத்து மாலைதீவே வாய் திறந்துவிட்டது, இனப்படுகொலைச் சமவாயத்தில் 1950இலேயே சேர்ந்த இலங்கை ஏன் பேசாமல் இருக்கிறது?

இதைக் கேட்டு பஸ் நிலையத்தில் தாள்களோடு நின்றபோது முதலில் யாரும் கிட்ட வரவில்லை. குறை சொல்ல முடியாது. போர் முடிந்த பிறகு நல்லிணக்க ஆணைக்குழு, காணாமற்போனோரை விசாரித்த பரணகம ஆணைக்குழு, காணாமற்போனோர் அலுவலகம் என்று எத்தனை இடத்தில் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதிக் கொடுத்த சனம் இது. இன்னொரு தாளைக் கண்டால் அலுப்பு வரும். சிலருக்குப் பயமும் வரும்.

அப்போதுதான் பருத்தித்துறை பஸ் கொண்டக்டர் அண்ணை வந்தார். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், போடவில்லை. “காசு சேர்க்கிறீங்களோ?” என்று கேட்டார். இல்லை என்றோம். “எங்கட எம்பிமார் எழும்பிக் கதைச்சா அங்க என்ன நடக்கும்?” என்று அடுத்த கேள்வி. காம்பியாவின் கதையைச் சொன்னோம். இலங்கையைவிடச் சிறிய ஆபிரிக்க நாடு. அதன் அப்போதைய நீதி அமைச்சர் அபுபக்கர் தம்படு அதற்கு முன்பு ருவாண்டா இனப்படுகொலை விசாரணை நீதிமன்றத்தில் வேலை செய்தவர். பங்களாதேஷ் முகாமில் அகதிகள் சொன்னதைக் கேட்டுவிட்டு நாடு திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. 2019 நவம்பரில் காம்பியா மியன்மார்மீது வழக்குப் போட்டது. அண்ணை கொஞ்சம் யோசித்தார். “சரி, தாங்கோ” என்று ஒரு கட்டுத் தாளையும் இரண்டு பேனையையும் வாங்கிக்கொண்டு ஏறிவிட்டார்.

எங்களில் ஒருத்தி அதே பஸ்ஸில் வீட்டுக்குப் போனதால்தான் மிச்சம் தெரிய வந்தது. நீர்வேலி தாண்டி ரிக்கெற் போட்டு முடித்த பிறகு, காம்பியா கதையை எங்களைவிட நன்றாகச் சொன்னாராம். பிறகு சொன்னதுதான் முக்கியம்: “பேர் எழுத விருப்பமில்லாதவை பேசாமல் இருக்கலாம். நான் முகம் பார்க்கமாட்டன். இலக்கம் கட்டாயமில்லை.” தாள் முன் சீற்றிலிருந்து பின் சீற்றுக்குக் கை மாறிப் போய் வந்ததாம். எழுதாமல் கடத்தியவர்களை அவர் திரும்பியும் பார்க்கவில்லையாம்.

மாலையில் தாள்களை ஊர் ஊராகப் பிரித்து, ரிக்கெற் கட்டும் றப்பர் பாண்ட் போட்டுத் தந்தார். மழையில் நனைந்த ஒரு தாளை மட்டும் வீட்டில் காயப்போட்டு மறுநாள் கொண்டுவந்தார். இத்தனை ஆணைக்குழுக்களில் எதுவும் எங்கள் அம்மாமாரிடம், வேண்டாமென்றால் விடுங்கள் என்று இவ்வளவு மரியாதையாகச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. மறுக்கலாம் என்று தெரிந்ததால்தான் அத்தனை பேர் எழுதினார்கள் என்பது என் எண்ணம்.

மற்றவர்களைச் சேர்த்தே சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்: போட்டோக்கொப்பிக் கடைத் தம்பி, நிழலுக்குக் குடை தந்த கச்சான் ஆச்சி, கடிதத்தைத் திருத்தித் தந்த பல்கலைக்கழகப் பிள்ளைகள், தபால் கந்தோரில் பொறுமையாக முத்திரை குத்திய அக்கா, “இதால ஒண்டும் நடக்காது” என்று சொல்லிச் சொல்லியே கையொப்பம் வைத்த ஓய்வுபெற்ற மாஸ்ரர். சோனகதெருவில் தேநீர் தந்த ஐயாவுக்குத் தனியாக ஒரு வரி வேண்டும். 1990 ஒக்ரோபரில் புலிகள் இங்கிருந்து விரட்டிய முஸ்லிம் குடும்பங்களில் ஒன்று அவருடையது. அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் கையொப்பம் வைத்தார். அந்த ஒக்ரோபரை நாங்கள் உரக்கப் பேசாதவரை மியன்மாரைப் பற்றிப் பேச எங்களுக்குள்ள உரிமை அரைகுறைதான். இதைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது என்று தெரியும்.

கடிதம் போனதோடு விடப்போவதில்லை. ஒவ்வொரு பாராளுமன்ற அமர்வுக்கும் முதல்நாள் ஆறு அலுவலகங்களுக்கும் தொலைபேசி எடுப்போம், பதில் வரும்வரை. அடுத்த கடிதம் சூடானைப் பற்றியது. 2025 ஒக்ரோபரில் அங்குள்ள எல் பாஷர் நகரம் ஆர்.எஸ்.எஃப். என்ற ஆயுதப்படையிடம் விழுந்த பிறகு நடந்த படுகொலைகளைக் கேட்டும் கொழும்பு பேசாமல் இருப்பதற்கு எங்களிடம் நியாயம் ஏதும் இல்லை. அதற்குச் சிங்களத்தில் நன்றாக எழுதக்கூடிய ஒருவர் தேவை. சனி பின்னேரம் பொது நூலக வாசலில் இருப்போம், தெரிந்தவர்கள் வாருங்கள்.