தள்ளிப்போன தேதியும் நம் கோபமும்: ரேசிங் கேம் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

ரேசிங் கேம்களுக்காகக் காத்திருக்கும் நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு கேம் சொன்ன தேதியில் வராது என்ற அறிவிப்பு வெளியான அரை மணி நேரத்துக்குள் நம்மிடமிருந்து என்னென்ன சொற்கள் புறப்படுகின்றன என்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். அவற்றில் சிலவற்றை எழுதியவனும் நானே. முன்பதிவை ரத்து செய்துவிட்டதாக ஒருவர் எழுதுவார், ஏமாற்றுக்காரர்கள் என்று இன்னொருவர் எழுதுவார், கேமை உருவாக்கும் இப்படிப்பட்ட ஸ்டுடியோவை இழுத்து மூட வேண்டும் என்று மூன்றாமவர் எழுதுவார். ஏமாற்றம் நியாயமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த ஏமாற்றத்தை யார் மீது கொட்டுகிறோம், எதைக் கேட்டுக் கொட்டுகிறோம் என்பதில்தான் நாம் தவறுகிறோம். அதை உங்களிடம் மனம் திறந்து சொல்லவே இந்த மடலை எழுதுகிறேன்.

இழுத்து மூட வேண்டும் என்று எழுதுவது எளிது. உண்மையாகவே மூடப்பட்ட ஒரு ஸ்டுடியோவின் கதையை நினைவுபடுத்துகிறேன். 2013 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 4 என்ற கன்சோலை, அதாவது கேம் ஆடும் கருவியை, சோனி அறிமுகப்படுத்திய மேடையிலேயே டிரைவ்கிளப் என்ற ரேசிங் கேமும் அறிவிக்கப்பட்டது. மோட்டார்ஸ்டார்ம் ரேசிங் கேம் வரிசையை உருவாக்கிய, இங்கிலாந்தின் ரன்கார்ன் நகரில் இயங்கிவந்த எவல்யூஷன் ஸ்டுடியோஸ் அதை உருவாக்கியது. கன்சோலுடன் சேர்ந்து அவ்வாண்டு நவம்பரிலேயே வர வேண்டிய கேம் அது. சோனியின் கட்டணச் சந்தாவான பிளேஸ்டேஷன் பிளஸ் உறுப்பினர்களுக்கு அதன் ஒரு பதிப்பு இலவசம் என்றும் சொல்லப்பட்டிருந்தது. கனடா, சிலி, நார்வே, ஸ்காட்லாந்து ஆகியவற்றோடு இந்தியாவும் அதில் களமாக இருந்தது, அதிலும் ஒரு பாதைக்கு நீலகிரி என்றே பெயர் வைத்திருந்தார்கள் என்பதால் நம்மில் பலருக்கு அந்த கேம் மீது தனி உரிமையே பிறந்துவிட்டது. வெளிநாட்டுப் பாதைகளிலேயே ஓட்டிப் பழகியவர்களுக்கு ஊட்டி மலைப்பக்கத்தின் பெயரைத் திரையில் பார்ப்பது எத்தகைய மகிழ்ச்சி என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அக்டோபர் 2013-இல் தேதி தள்ளிப்போனது. 2014-இன் தொடக்கம் என்றார்கள். அதுவும் கடந்து, இறுதியில் 2014 அக்டோபர் 7, 8 தேதிகளில் கேம் வந்தது. இந்தியாவில் 39,990 ரூபாய்க்கு வந்த கன்சோலை, அந்த ஒரு கேமை மனத்தில் வைத்தே வாங்கியவர்கள் கொதித்தார்கள் என்றால் அதில் வியப்பில்லை. ஆனால் பதினொரு மாதத் தாமதத்துக்குப் பிறகும் அந்த கேம் தயாராக இருக்கவில்லை என்பதுதான் இன்று திரும்பிப் பார்க்கும்போது உறுத்துகிறது. அதன் பெயரிலேயே கிளப் இருக்கிறது; நண்பர்கள் குழு சேர்ந்து, ஒருவருக்கொருவர் சவால் விட்டு ஓட்டுவதுதான் அதன் உயிர். அந்த உயிரைத் தாங்க வேண்டிய சர்வர்கள், அதாவது ஆடுபவர்களை இணையத்தில் இணைக்கும் கணினிகள், முதல் நாளிலேயே படுத்துவிட்டன. உள்ளே சோதித்தபோது தெரியாத குறை, உலகெங்கிலுமிருந்து மக்கள் ஒரே நேரத்தில் நுழைந்தபோது வெளிப்பட்டது. சீராக்க வாரக்கணக்கில் ஆயிற்று. இலவசமாக வர வேண்டிய பதிப்போ 2015 ஜூன் மாதம்தான் வந்து சேர்ந்தது.

இடையே ஒன்று நடந்தது. 2014 டிசம்பரில் வந்த அப்டேட்டில் மழையைக் கொண்டுவந்தார்கள். காருக்குள்ளிருந்து பார்க்கும் காட்சியில், முன்கண்ணாடியில் விழும் துளிகள் வேகம் கூடும்போது மேல்நோக்கி ஏறும். வளைவில் திரும்பினால் ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடும். வைப்பர் துடைத்த இடத்தில் ஒரு நொடி தெளிந்து மீண்டும் மங்கும். இத்தனை ஆண்டுகள் கழித்தும் ரேசிங் கேம்களில் மழை என்ற பேச்சு வந்தால் அதை எடுத்துக்காட்டாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், நானும் அவர்களில் ஒருவன். அதைச் செய்யக்கூடிய கைகள் அந்த ஸ்டுடியோவில் இருந்தன. போதிய காலம்தான் இருக்கவில்லை. 2015 மார்ச்சில் அங்கே ஆட்குறைப்பு நடந்தது. 2016 மார்ச்சில் சோனி ஸ்டுடியோவையே மூடியது. 2020 மார்ச் 31 அன்று டிரைவ்கிளப்பின் சர்வர்களும் நிறுத்தப்பட்டன.

நம் கோபத்தால்தான் அது மூடப்பட்டது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. நான் கேட்பது வேறு. அந்தப் பதினொரு மாதமும் நாம் எழுப்பிய கேள்வி "எப்போது வரும்?" என்ற ஒன்றுதான். "இத்தனை லட்சம் பேர் ஒன்றாக நுழைந்தால் சர்வர் தாங்குமா? வெளியீட்டுக்கு முன்னால் எங்களை எல்லாம் உள்ளே விட்டு ஒருமுறை சோதித்துப் பார்ப்பீர்களா?" என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? வெளியீட்டாளரின் காதில் விழுந்தது தேதி பற்றிய கூச்சல் மட்டுமே. அந்தக் கூச்சலை அடக்குவதற்குத் தேதியைக் கொடுப்பதுதான் அவர்களுக்கு எளிய வழி.

என் பிழையையும் இங்கே எழுதிவிடுகிறேன். வேறொரு ரேசிங் கேம், பெயர் வேண்டாம். வெளியீட்டு நாளுக்கென்று அலுவலகத்தில் இரண்டு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தேன். தம்பியின் படிப்பு மேசையில் ஸ்டீயரிங் வீலைப் பொருத்தித் திருகினால் பலகையில் பள்ளம் விழும் என்பதால், அம்மாவின் பழைய நூல் புடவை ஒன்றை நான்காக மடித்து இடையில் கொடுத்திருந்தோம். பிரேக்கை ஓங்கி மிதித்தால் பெடல் மொசைக் தரையில் வழுக்கிப் பின்னால் போய்விடும். அதற்கு முட்டுக்கொடுக்கச் சுவரோரம் ஒரு செங்கல் வைத்திருந்தோம். எல்லாம் ஆயத்தமாக இருந்தபோது, ஐந்து நாள் முன்னதாக, மூன்று மாதம் தள்ளிவைப்பு என்ற அறிவிப்பு வந்தது. அன்றிரவு அந்த ஸ்டுடியோவில் வேலை பார்ப்பவர்களைத் தேடி, கார் எஞ்சின்களின் ஒலியைப் பதிவு செய்யும் பணியில் இருந்த ஒருவருக்கு, என் வீட்டில் யாருக்கும் படித்துக் காட்ட முடியாத சொற்களில் ஒரு செய்தி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அவர் பதில் எழுதினார். தேதி மாறியது உங்களுக்குத் தெரிந்த அன்றுதான் எனக்கும் தெரியும் என்பது மட்டுமே அதில் இருந்தது. வசை இல்லை, விளக்கமும் இல்லை. மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று, கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை, வர வேண்டிய கட்டாயமும் இல்லை.

தேதியை யார் முடிவு செய்கிறார்கள் என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும். டயரின் பிடிமானத்தைக் கணக்கிட்டு நிரல் எழுதுபவரோ, டாஷ்போர்டின் தையல் வரை வரைபவரோ அதை முடிவு செய்வதில்லை. பண்டிகைக் கால விற்பனை, புதிய கன்சோலின் வருகை, மார்ச்சோடு முடியும் நிதியாண்டு, பங்குதாரர்களுக்குக் கொடுத்த வாக்கு ஆகியவற்றைக் கூட்டிக் கழித்து மேலே இருப்பவர்கள் முடிவு செய்கிறார்கள். கீழே இருப்பவர் அந்தத் தேதிக்குள் முடிக்கத் தூக்கத்தைத் துறக்கிறார், முடியாதபோது வசையையும் வாங்குகிறார். ரேசிங் கேம் அல்ல என்றாலும் சைபர்பங்க் 2077-க்கு நடந்ததை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2020 அக்டோபர் இறுதியில் அந்த கேம் வெறும் 21 நாள் தள்ளிவைக்கப்பட்டபோது, அதை உருவாக்கியவர்களுக்குக் கொலை மிரட்டல்கள் போயின. டிசம்பர் 10 அன்று வந்த கேம் பிளேஸ்டேஷன் 4-இல் ஓடிய அழகைப் பார்த்து, ஒரு வாரம் கழித்துச் சோனியே அதைத் தன் இணையக் கடையிலிருந்து எடுத்துவிட்டது. 21 நாள் அதிகம் என்று கொலை மிரட்டல் விடுத்தவர்கள் இருந்தார்கள். தேவைப்பட்டதோ பல மாதங்கள்.

இதை வைத்து, தாமதம் எப்போதும் நன்மைக்கே என்று நம்மில் சிலர் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. சோனியின் ரேசிங் கேமான கிரான் டூரிஸ்மோ 5-ஐ எண்ணிப் பாருங்கள். 2007 டிசம்பரில் ஜப்பானில் அதன் முன்னோட்டப் பதிப்பு விற்பனைக்கே வந்துவிட்டது. முழு கேம் ஜப்பானில் 2010 மார்ச்சில் என்றார்கள், அது தள்ளிப்போனது. பிறகு அமெரிக்காவுக்கு நவம்பர் 2 என்றார்கள். அதற்கு மூன்று வாரங்களுக்கும் குறைவாக இருந்தபோது அதுவும் கைவிடப்பட்டு, ஒருவழியாக நவம்பர் 24 அன்று வந்தது. புதிய தலைமுறைக்கான கார் ஒன்றை உருவாக்கி முடிக்க ஆறு மாதம் வரை ஆகிறது என்று அதை உருவாக்கிய குழுவின் தலைவர் கசுனோரி யமவுச்சி விளக்கியிருந்தார், அதன் பலனைத் திரையில் கண்டோம். ஆனால் 1,000-க்கு மேற்பட்ட கார்களில் சுமார் 200 மட்டுமே அப்படி உருவானவை. மற்ற 800-ஐ ஒட்டியவை முந்தைய தலைமுறை கேம்களிலிருந்து எடுத்து வைக்கப்பட்டவை, அவற்றின் உட்புறத்தைக்கூட முறையாகக் காண முடியாது. இத்தனை ஆண்டு காத்திருந்தவர் ஒரு காரைத் தேர்ந்தெடுத்து உள்ளே உட்கார முடியாமல் போனால் அவர் கேட்பதில் என்ன தவறு? அந்தக் கேம் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது என்பது அந்தக் கேள்விக்குப் பதிலாகாது.

ஆகவே தேதி தள்ளிப்போகும்போது நாம் வலியுறுத்த வேண்டியது, கூடுதலாகக் கிடைத்த காலம் எதற்குச் செலவாகிறது என்ற விவரத்தையே. "மெருகூட்டுவதற்காக" என்ற ஒற்றைச் சொல்லோடு முடியும் அறிவிப்புகளை நாம் ஏற்கக்கூடாது. இயற்பியல் கணக்கில் சிக்கலா, இணைய வசதியில் சிக்கலா, கார் நிறுவனங்களின் உரிமத்தில் சிக்கலா என்று கேட்டுப் பெற நமக்கு உரிமை உண்டு. முன்பணம் கட்டியவருக்கு அது கூடுதலாகவே உண்டு. கேட்கும் இடம் வெளியீட்டாளரின் அலுவலக முகவரியாக இருக்கட்டும், ஒரு தனி ஊழியரின் கணக்காக இருக்க வேண்டாம்.

சரியான இடத்தில், சரியான காரியத்துக்காக எழுந்த குரல் வேலை செய்ததற்குச் சான்றும் நம்மிடம் இருக்கிறது. அதே வரிசையின் கிரான் டூரிஸ்மோ 7 கொரோனா தொற்றுக்காலத்தால் 2021-இலிருந்து தள்ளிப்போய் 2022 மார்ச் 4 அன்று வந்தது. தள்ளிப்போனதை ஓரளவு பொறுமையாகவே ஏற்றோம். மார்ச் 17 அப்டேட்டைத் தொடர்ந்து 30 மணி நேரத்துக்கும் மேலாக சர்வர் முடங்கியது. தனியாக ஓட்டும் பந்தயங்களுக்கும் இணைய இணைப்பு கட்டாயம் என்பதால், காசு கொடுத்து வாங்கியவரால் பெரும்பகுதி கேமைத் தொடவே முடியவில்லை. அதே அப்டேட்டில், கேமுக்குள் கார் வாங்க உதவும் பந்தயப் பரிசுத்தொகையும் வெட்டப்பட்டிருந்தது தெரிந்தது. அப்போது உலகெங்கும் ரசிகர்கள் எழுதியது இலக்குத் தவறாமல் இருந்தது: இந்தப் பந்தயத்துக்கு முன்பு இவ்வளவு, இப்போது இவ்வளவு, இந்தக் காரை வாங்க இத்தனை மணி நேரம் ஓட்ட வேண்டும், இணையக் கடையில் உண்மைப் பணம் கொடுத்து வாங்கினால் இத்தனை ரூபாய். யமவுச்சி மன்னிப்புக் கேட்டார், ஈடாக, கேமுக்குள் செல்லும் பணமான கிரெடிட் 10 லட்சம் வழங்கப்பட்டது, ஏப்ரல் அப்டேட்டில் பரிசுத்தொகை உயர்த்தப்பட்டது. இதைச் சாதித்தவர்கள் கணக்குப் போட்டு எழுதியவர்களே.

டெஸ்ட் டிரைவ் அன்லிமிடெட் என்ற ரேசிங் கேம் வரிசையின் ரசிகர்களின் பாடு இன்னும் கடினமானது. 2011-க்குப் பிறகு அடுத்த கேமுக்குப் பதின்மூன்று ஆண்டு காத்திருந்தார்கள். 2022 செப்டம்பர் என்ற தேதி 2023 ஆகி, 2024 ஆகி, 2024 செப்டம்பர் 12 அன்று அந்த வரிசையின் புதிய கேமான சோலார் கிரவுன் வந்தபோது, எப்போதும் இணையத்தில் இருந்தாக வேண்டிய அந்த கேமின் சர்வர்கள் தடுமாறின. டிரைவ்கிளப் வந்து பத்தாண்டு கழித்தும் அதே கதை.

இனி நான் செய்யப்போவதைச் சொல்கிறேன், உடன்படுபவர்கள் சேர்ந்துகொள்ளுங்கள். வெளிவந்து, முதல் வாரம் ஓடி, சர்வர் நிற்கிறதா என்று பார்க்கும் வரை முன்பணம் கட்டப்போவதில்லை. ஐயாயிரம் ரூபாயை முன்கூட்டியே கொடுத்துவிட்டால் நம் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் அவர்களுக்குக் குறைந்துவிடுகிறது. பொதுச் சோதனை நடத்தாமல் இணையத்தையே நம்பியிருக்கும் ரேசிங் கேமை வெளியிட்டால், அது குறித்த தேதியில் வந்தாலும் எதிர்த்து எழுதுவேன். தள்ளிவைத்ததற்கான காரணத்தை நேர்மையாகச் சொன்ன ஸ்டுடியோவுக்கு நன்றி சொல்லவும் தயங்கமாட்டேன்.

தமிழில் கேமிங் சேனல் நடத்தும் நண்பர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். உங்கள் காணொளியை ஆயிரக்கணக்கான பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். அடுத்த தள்ளிவைப்பு அறிவிப்பு வரும்போது, ஏதோ ஒரு டெவலப்பரின் புகைப்படத்தில் சிவப்புக் கோடு போட்டு முகப்புப் படமாக வைக்காதீர்கள், அவருடைய கணக்கின் பெயரைத் திரையில் காட்டாதீர்கள். அறிவிப்பை முழுவதும் படித்துக் காட்டுங்கள், எது சொல்லப்படவில்லை என்று சுட்டிக்காட்டுங்கள், வெளியீட்டாளரின் புகார் முகவரியை விவரப் பகுதியில் போடுங்கள். அன்றே நானும் அந்த முகவரிக்கு எழுதுவேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்